சீரகத்தின் தூரத்து உறவு

அஞ்சறைப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துச் சங்கதி அதிலிருந்துதான் ஆரம்பமாகிறது. முடிகிற இடம் என்னவோ சுமார் 10,000 மைலுக்கு அப்பால், கொலம்பியா தேசத்து மலைச் சரிவில் ஒரு சின்ன ஊர். அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு கிழங்கு வெந்துவிடும், பயப்படாதீர்கள்.

சீரகத்தைக் கொஞ்சம் கையில் எடுங்கள். அடுத்த கிண்ணத்திலிருந்து நாலு கொத்தமல்லி விதை. சோம்பு இருந்தால் அதுவும். குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு என்று அலமாரியில் வைத்திருக்கும் ஓமம், பிரசவ மருந்துக்கு வாங்கி மிச்சமான சதகுப்பை, ரசத்துக்குக் கரைக்கிற கட்டிப் பெருங்காயம், ஈரம் கண்ட இடத்தில் படர்கிற வல்லாரைக் கீரை: இத்தனையும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். தாவர சாஸ்திரக்காரர்கள் குலம் கோத்திரம் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள். பெட்டியில் பக்கத்து அறையிலே இருக்கிற கடுகும் வெந்தயமும் மிளகும் வேறு குலம். ஒரே வீட்டில் குடியிருப்பதாலேயே சொந்தம் ஆகிவிடுவார்களா என்ன?

இந்தக் குலத்துக்கு அடையாளம் குடை. மொட்டைமாடித் தொட்டியில் கொத்தமல்லி விதைத்துவிட்டு, ஊருக்குப் போன ஜோரில் பறிக்க மறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செடி நெட்டையாகப் போய்விடும். ஒரே காம்பின் நுனியிலிருந்து குடைக் கம்பிகள் மாதிரி பல சின்னக் காம்புகள் விரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. சீரகமும் அப்படித்தான் பூக்கும், சோம்பும் அப்படித்தான். காரட்டைப் பிடுங்காமல் விட்டு வைத்தால் அதுவும் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். ஆமாம், காரட்டும் இந்தக் குடும்பந்தான். விதையில் வாசனையைச் சேர்த்து வைத்தவர்கள் சிலர், இலையில் வைத்தவர்கள் சிலர், வேரிலே மாவையும் சர்க்கரையையும் பதுக்கி வைத்தவர்கள் சிலர். பெருங்காயம் வேரைக் கீறி வடிகிற பால். அது தனிக் கதை, இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வேரிலே பதுக்கியவர்களில் காரட்டுக்கு உலகம் பூரா மரியாதை கிடைத்துவிட்டது. ஹல்வாவில் விழுந்தது, சாம்பாரில் விழுந்தது, கல்யாணப் பந்தியில் கோசுமல்லி ஆயிற்று. அதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி இருக்கிறாள். பிறந்த மலையை விட்டு இறங்குவதற்கே அவளுக்கு மனம் வருவதில்லை. அவள் பெயர் அர்ரகாச்சா.

பெயரைச் சொன்னதும் எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள். "ராமாயணத்து அரக்கி பெயர் மாதிரி இருக்கிறதே!" என்றாள் என் தங்கை. அரக்கியும் இல்லை, அரசியும் இல்லை. தென் அமெரிக்காவின் மேற்கு ஓரமாக ஆண்டீஸ் என்று ஒரு மலைத்தொடர் ஓடுகிறதல்லவா? வெனிசுவேலாவில் ஆரம்பித்து கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா என்று போகிற அந்த மலையிலே, ஸ்பெயின்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முந்தியே குடியானவர்கள் பயிரிட்டு வந்த கிழங்கு. பெயர் கெச்சுவா பாஷையிலிருந்து வந்தது. இன்கா ராஜ்யத்தின் பாஷை அது. 1825-இல் ஜமைக்கா தீவிலிருந்த பான்கிராஃப்ட் என்ற இங்கிலீஷ் டாக்டர் ஒருவர்தான் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். அந்தப் பெயரின் பின்பாதிக்குக் கிரேக்கத்தில் 'மஞ்சள் வேர்' என்று அர்த்தம். வெள்ளையிலும் உண்டு, ஊதா ரேகை ஓடியதிலும் உண்டு; டாக்டர் பார்த்தது மஞ்சள் போலிருக்கிறது.

செடியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவரட்டுமா? மேலே பார்த்தால் கொழுத்த கொத்தமல்லிச் செடி மாதிரி, இடுப்புயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். மண்ணைக் கிளறினால் நடுவிலே ஒரு தடித்த அடிக்கட்டை. அதன் தலையில் குட்டி குட்டியாகப் பல முளைகள். இலைகள் எல்லாம் அந்த முளைகளிலிருந்துதான் கிளம்புகின்றன. அதன் அடியில் கைவிரல்கள் மாதிரி நாலு முதல் பத்து வரை கிழங்குகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் வரை வளரும். வடிவத்தில் தடித்த காரட், நிறத்தில் பழைய தந்தம். நல்ல செடி ஒன்று இரண்டு மூன்று கிலோ கொடுக்கும்.

கிழங்கை விட எனக்கு அந்தத் தலைமுளைகள்தான் சுவாரசியமாகப் பட்டன. அர்ரகாச்சாவை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. அறுவடையின்போது தாய்க்கட்டையின் தலையிலிருக்கும் முளைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, இலையை நறுக்கிவிட்டு, அடிப்பாகத்தைக் கத்தியால் சீவி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் ஆறியதும் நடுகிறார்கள். நம் வாழைக்கன்று சமாசாரந்தான். இன்றைக்கு ஒரு மலைக்கிராமத்துக் கொல்லையில் நிற்கிற செடி, பாட்டிக்குப் பாட்டி நட்டுவைத்த அதே செடியின் தொடர்ச்சி. நாம் வாழையடி வாழை என்று ஆசீர்வாதம் செய்கிறோமே, அதை அப்படியே செய்து காட்டுகிற பயிர். பூக்க விட்டால் கிழங்கு கெட்டுவிடும் என்று பூப்பதற்கு முந்தியே பிடுங்கிவிடுகிறார்கள். அதனால் குலத்துக்கே உரிய அந்தக் குடைப் பூவைப் பார்க்காமலே ஆயுசு பூராவும் அர்ரகாச்சா பயிரிட்டவர்கள் இருப்பார்கள்.

பயிருக்குப் பொறுமை வேண்டும். நட்டு 10 மாதத்திலிருந்து 14 மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதிக வெயில் ஆகாது, பனி உறைந்தால் செத்துவிடும். கடல் மட்டத்துக்கு மேலே 1,500 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் வரையில் இருக்கிற மிதமான குளிர்தான் அதற்கு இஷ்டம். பெரிய மனுஷர்களுக்குக் கோடைவாசஸ்தலம் மாதிரி.

ருசி எப்படி? பச்சையாகத் தின்னக் கூடாது. வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். வெந்தால் உருளைக்கிழங்கை விட மிருதுவாக, வெண்ணெய் மாதிரி மசியும். லேசான இனிப்பு, அதன் பின்னாலே சீரகக் குலத்துக்கே உரிய ஒரு வாசனை. சாப்பிட்டவர்கள் செலரித் தண்டின் மணமும் வறுத்த கொட்டையின் ருசியும் கலந்த மாதிரி என்கிறார்கள். குழம்பில் போட்டால் குழம்பு தானாகவே கெட்டிப்பட்டு மஞ்சள் பூக்கும். கொலம்பியாவிலே சான்கோச்சோ என்று ஒரு கதம்பக் குழம்பு வைக்கிறார்கள். மரவள்ளி, வாழைக்காய், சோளம் எல்லாவற்றோடும் இதையும் துண்டு போட்டுக் கொதிக்க விடுவார்கள். வெனிசுவேலாவில் வேகவைத்து மசித்து, உருட்டி எண்ணெயில் பொரித்துப் பாகிலே போடுகிறார்கள். பெருவின் வடக்கு மலையில் செய்வதைக் கேட்டால் நீங்கள் இன்னும் சந்தோஷப்படுவீர்கள். பச்சைக் கிழங்கைத் துருவி, கரும்பு வெல்லம் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக் கிளறி இறக்குகிறார்கள். அதற்குப் பெயர் ரல்யாதோ. 'துருவியது' என்று அர்த்தம். காரட் ஹல்வாவுக்கு இதைவிட நெருங்கின சொந்தம் வேறு எங்கே இருக்கப் போகிறது? நெய் ஒன்றுதான் குறை.

இளந்தண்டைக் கீரை போல உபயோகிக்கிறார்கள். முற்றின இலையும் அடிக்கட்டையும் மாட்டுக்கு. வீண் என்று எதுவும் இல்லை.

பெரியவர்கள் சாப்பிடுவது இருக்கட்டும். இந்தக் கிழங்கின் உண்மையான கௌரவம் தொட்டிலுக்குப் பக்கத்திலே இருக்கிறது. இதிலுள்ள மாவுச்சத்தின் மணிகள் மிகவும் பொடியானவை, சீக்கிரம் ஜீரணமாகிவிடும். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. மஞ்சள் ரகத்தில் காரட்டில் இருப்பது போன்ற சத்தும் உண்டு. அதனால் பால்குடி மறக்கிற குழந்தைக்கு முதல் ஆகாரமாகவும், ஜுரத்தில் கிடந்து எழுந்தவர்களுக்குப் பத்தியமாகவும் இதை மசித்துக் கொடுக்கிறார்கள். பிரேசிலில் குழந்தைகளுக்கென்று புட்டியில் அடைத்து விற்கும் கூழ்களில்கூட இது சேருகிறது. நம் வீடுகளில் வயிறு சரியில்லை என்றால் ஆரோரூட் கஞ்சி காய்ச்சுவார்களே, அந்த ஸ்தானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்தபோது என் பாட்டி அந்தக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியது இன்னும் நாக்கில் இருக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியிலும் ஒரு பாட்டி ஒரு கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்தபோது, இந்தக் கிழங்கைப் பற்றி எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

நிற்க. இவ்வளவு நல்ல கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரி உலகத்தைச் சுற்றி வராமல் போனதற்கு என்ன காரணம்? உருளையும் அதே மலையில் பிறந்ததுதான். அதுவோ நம் சனிக்கிழமை பூரிக்குள் வரை வந்துவிட்டது.

முதல் காரணம், அர்ரகாச்சாவுக்கு உடம்பு வணங்காது. தோல் மெல்லியது. தோண்டி எடுத்த பிறகு ஒரு வாரத்துக்குள் சுருங்கி, கறுத்து, அழுக ஆரம்பித்துவிடும். சந்தைக்கு அழகாக இருக்கட்டும் என்று கழுவித் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மூட்டையில் ஏற்றிக் கப்பலில் போட்டு மாதக்கணக்கில் கொண்டுபோகிற காலத்தில் இது எப்படி ஊர் தாண்டும்? நடுவதற்கு விதையும் இல்லை. முளையைத்தான் உயிரோடு கொண்டுபோக வேண்டும்.

அப்படியும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. அதையே மூன்று வேளையும் நம்பியிருந்த ஏழைகளில் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மடிந்தார்கள். உருளைக்குப் பதிலாக வேறு என்ன கிழங்கு உண்டு என்று ஐரோப்பாவே தவித்த காலத்தில் அர்ரகாச்சாவின் பெயரும் அடிபட்டது. அதற்கு முந்தியும் பிந்தியும் தோட்டங்களில் பல தடவை நட்டுப் பார்த்தார்கள். அங்கே கோடையில் பகல் பொழுது மிக நீளம். கிழங்கு வைக்க வேண்டிய சமயத்தில் குளிர் வந்துவிடும். இலை தழைத்ததே தவிர வேர் பருக்கவில்லை. பசித்தவன் வீட்டு வாசல் வரை வந்த விருந்து உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டது.

ஒரே ஒரு தடவை அது சௌக்கியமாகக் குடிபெயர்ந்தது, பிரேசிலுக்கு. கொலம்பியாவில் ரஃபாயேல் உரீபே உரீபே என்று ஒரு சேனாதிபதி இருந்தார். 1899 முதல் 1902 வரை நடந்த 'ஆயிரம் நாள் யுத்தம்' என்ற உள்நாட்டுச் சண்டையில் தோற்ற கட்சியின் தளபதி அவர். பிறகு ராஜதந்திரியாகித் தென் அமெரிக்க நாடுகளுக்குப் போனவர், 1907-ஆம் வருஷ வாக்கில் பிரேசிலில் ஒரு விவசாய சங்கத்துக்கு இந்தச் செடியின் முளைகளைப் பரிசாகக் கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து, 1914-இல், அவரைத் தலைநகரான போகோட்டாவின் நடுவீதியில் கோடரியால் வெட்டினார்கள். யுத்தமெல்லாம் தோற்றவர் கொடுத்த முளை மட்டும் பிரேசிலில் ஜெயித்துவிட்டது. தென்கிழக்கு மலைப்பகுதிகளில் அது இன்று ஒரு பெரிய வியாபாரப் பயிர். அங்கேயுள்ள சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தார், பூக்கவே விடாத இந்தச் செடியைப் பூக்கவிட்டு, விதையெடுத்துப் பொறுக்கி, 1998-இல் ஒரு புது ரகத்தை வெளியிட்டார்கள். அது சுமார் எட்டு மாதத்திலேயே கிழங்கு கொடுத்துவிடும்.

பெயர் விஷயத்தில்தான் ஒரே குழப்பம். பிரேசிலில் ஓர் ஊரில் இதைக் 'குட்டி மரவள்ளி' என்கிறார்கள். இன்னோர் ஊரில் 'சீமாட்டி உருளை' என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர். ஈக்வடாரில் 'வெள்ளைக் காரட்'. வெனிசுவேலாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 'அப்பியோ'. ஸ்பானிஷில் அப்பியோ என்றால் செலரிக்கும் அதுதான் பெயர்! அந்த ஊர்ச் சமையல் குறிப்பைப் படித்துவிட்டு வெளியூர்க்காரர்கள் செலரித் தண்டை மசிக்கப் பார்த்துத் திண்டாடுவது உண்டு. கொலம்பியாவிலோ பேச்சு வழக்கில் 'அர்ரகாச்சாத்தனம்' என்றால் அசட்டுத்தனம் என்று பொருளாம். நாம்கூட "நாகரிகமாம், கத்தரிக்காயாம்!" என்கிறோமே. தினம் சோறு போடுகிற காய்க்கு எல்லா ஊரிலும் இதே மரியாதைதான்!

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1989-இல் ஒரு புத்தகம் போட்டது. இன்கா காலத்துத் 'தொலைந்துபோன பயிர்கள்' என்று அதற்குத் தலைப்பு. அதில் அர்ரகாச்சாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நல்ல புத்தகந்தான். ஆனால் தலைப்பைக் கேட்டால் ஆண்டீஸ் மலைப் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். காலையில் தோண்டி மத்தியானம் குழம்பில் போட்ட கிழங்கு எப்போது அம்மா தொலைந்தது?

தொலைந்து போகாமல் இருப்பதற்கு அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். கொலம்பியாவின் தோலிமா மாகாணத்தில் காகாமார்க்கா என்று ஓர் ஊர். சுமார் 1,800 மீட்டர் உயரம். பக்கத்திலே மச்சீன் என்ற எரிமலை. அதன் சாம்பல் விழுந்து விழுந்து மண் கறுத்துக் கொழுத்துக் கிடக்கிறது. கொலம்பியாவில் அர்ரகாச்சா என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ஊர் இது. பீன்ஸ், காப்பி, பழங்கள் எல்லாமே விளைகிறதனால் தேசத்தின் 'களஞ்சியம்' என்று செல்லப் பெயர். நிமிர்ந்து நின்றால் உருண்டு விழுகிற மாதிரி சரிவு; அந்தச் சரிவில் கொத்தும் கையுமாக நின்று கிழங்கு தோண்டுகிறார்கள்.

அந்த ஊர் மலைக்கு அடியிலே தங்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நஞ்சத் தங்கம் இல்லை. தென் அமெரிக்காவிலேயே பெரியவை என்று சொல்லும்படியான தங்கப் படிவங்களில் ஒன்று. லா கோலோசா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'பிரம்மாண்டமானது' என்று அர்த்தம் தொனிக்கிற பெயர். தென்னாப்பிரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆங்லோகோல்டு அஷாந்தி என்ற கம்பெனி வந்து துளை போட்டுச் சோதனை செய்தது. திறந்த பள்ளமாக மலையை வெட்டி எடுக்கிற யோசனை.

தங்கம் என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதல் கவலையே அதுதான். அந்த ஊரிலும் ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழங்கு விலை ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். பிள்ளைகளுக்குச் சம்பளம் வருகிற வேலை கிடைக்குமே என்று எண்ணினால் தப்பா? ஆனால் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் என்ன ஆகும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த மலையில் பிறக்கும் ஓடைகள் கோயெல்யோ என்ற ஆற்றில் சேர்ந்து கீழே சமவெளிக்குப் போகின்றன. அங்கே அந்தத் தண்ணீரை நம்பி வயல் வயலாக நெல் விளைகிறது! ஆகவே மேலே கிழங்குக்காரர்களுக்கு வந்த கவலை கீழே நெல்லுக்காரர்களுக்கும் வந்தது. 2011 முதல் வருஷா வருஷம் இபாகே நகரத்தில் மேளதாளத்தோடு, வேஷங்கள் போட்டுக்கொண்டு, திருவிழா மாதிரி ஊர்வலம் போனார்கள். தாத்தா பாட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும்.

கடைசியில் ஊர் ஜனங்களையே கேட்டுவிடுவது என்று ஆயிற்று. 2017 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுச் சீட்டில் ஒரே கேள்வி: காகாமார்க்காவில் சுரங்க வேலைகள் நடப்பதற்குச் சம்மதமா, இல்லையா? ஊரில் வாக்காளர்கள் 16,000 பேருக்குச் சற்று மேலே. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5,438 பேராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் முடிவு செல்லும். இந்த விதி இருக்கிறதே, இது பொல்லாதது. சம்மதம் என்கிறவர்கள் சம்மதம் என்று குத்தவேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலே போதும், ஓட்டெடுப்பு செல்லாமல் போய்விடும். எதிர்த்தவர்கள்தான் மலையில் தூரம் தொலைவில் இருக்கும் குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வர வேண்டும்.

வந்தார்கள். மொத்தம் 6,296 பேர். சுரங்கம் வேண்டும் என்றவர்கள் 76. வேண்டாம் என்றவர்கள் 6,165.

நான் அந்த எண்களை இரண்டு தடவை படித்தேன். வேண்டும் என்கிற பக்கம் இரண்டு பஸ்களில் அடங்கிவிடும். அடுத்த மாதமே கம்பெனி அந்த இடத்தில் வேலையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது.

இதே பெயரில் பெரு தேசத்தில் இன்னோர் ஊர் உண்டு. இன்கா ராஜ்யத்தின் கடைசிப் பெரிய அரசன் அத்தாவல்பாவை 1532-இல் ஸ்பெயின்காரர்கள் பிடித்து அடைத்தது அந்தக் காகாமார்க்காவில்தான். விடுதலைக்காக அவன் ஓர் அறை நிறையத் தங்கம் கொட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, மறு வருஷம் அவனைக் கொன்றுவிட்டார்கள். பெயர் ஒற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும். கிழங்கு தோண்டுகிறவர்களில் யாராவது அந்தக் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

கதை இத்தோடு சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். 2018 அக்டோபரில் கொலம்பியாவின் அரசியல் சாசனக் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. பூமிக்கு அடியில் இருப்பது தேசத்துக்குச் சொந்தம், ஓர் ஊர் ஓட்டுப் போட்டு அதைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். வேறோர் ஊரின் வழக்கில் வந்த தீர்ப்பு. ஆனால் அதன் நிழல் எல்லா ஊர் மேலும் விழுந்தது. லா கோலோசாவில் பள்ளம் வெட்டப்படவில்லை. தங்கம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. மேலே கிழங்கும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களா என்று கேட்டால், ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. இந்தச் சீரகக் குலத்தில் மகா கெட்ட பிள்ளைகளும் உண்டு. கி.மு. 399-இல் சாக்ரடீசுக்குக் கோப்பையில் கொடுத்தார்களே ஹெம்லாக் விஷம், அதுவும் இதே குடும்பத்துச் செடி. இலையைப் பார்த்தால் காரட் இலை மாதிரி, பூவைப் பார்த்தால் கொத்தமல்லிப் பூ மாதிரி, வேர்கூடக் கிழங்கு போலப் பருத்திருக்கும் விஷச் செடிகள் குளிர் பிரதேசங்களில் பல இருக்கின்றன. ஆகையால் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாய்மார்கள் சாலையோரத்தில் "அட, நம்ம கொத்தமல்லி மாதிரி இருக்கிறதே!" என்று எதையும் கிள்ளி வாயில் போட வேண்டாம். கடையில் வாங்கினதை மட்டும் சமையுங்கள்.

கடை என்றதும் நினைவு வருகிறது. "எங்கே கிடைக்கும்?" என்று எப்படியும் கடிதம் எழுதுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் மார்க்கெட்டில் தேட வேண்டாம். பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருந்தால், தென் அமெரிக்கக்காரர்கள் நடத்தும் மளிகைக் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். சில இடங்களில் பச்சையாகவும், பல இடங்களில் தோல் சீவி உறைய வைத்த பொட்டலமாகவும் கிடைக்கிறது. வெறும் 'அப்பியோ' என்று கேட்டால் செலரிக் கட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 'அர்ரகாச்சா' என்று முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். பச்சைக் கிழங்கானால் விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மட்டும் எடுக்கட்டும். கழுவாமல் பையில் வைத்து, வந்த அன்றோ மறுநாளோ வேகவைத்துவிடட்டும். துருவி வெல்லம் போட்டுக் கிளறினால் கடைசியில் இரண்டு ஸ்பூன் நெய் விடச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.